அலபாமா ரஷ்: கதவுக்கு அந்தப் பக்கம்

2021 ஆகஸ்டில் டிக்டாக்கைக் கலக்கியது ஒரு கல்லூரி நிகழ்ச்சி! அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக மாணவிகள் கேமரா முன் நின்று, சட்டை எந்தக் கடை, தோடு எந்தக் கடை, செருப்பு எந்தக் கடை என்று தினமும் ஒப்பித்தார்கள். எல்லாம் 'சொராரிட்டி'யில் இடம்பிடிக்கத்தான். கிரேக்க எழுத்துகளில் பெயர், தனி மாளிகை என்று அமர்க்களமான மாணவியர் சங்கங்கள் அவை. 'ரஷ்' எனப்படும் அந்தத் தேர்வுக்கு ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் வருகிறார்கள்.

வீடியோக்கள் வாசலோடு நின்றுவிடும். வாருங்கள், உள்ளே போவோம்! கதவு திறந்ததும் உறுப்பினர்கள் வாசல் நிறைய அடுக்கடுக்காக நின்று கைதட்டிப் பாடுகிறார்கள். பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் இன்னொருவர் வந்து சேர, முதலில் பேசியவர் நைசாக நழுவுகிறார். இதற்கு 'பம்ப்' என்று பெயர். யார், எப்போது, யாரை விடுவிப்பது என்று ஒத்திகையே நடக்கும்! வழிகாட்ட வரும் சீனியரோ, தான் எந்தச் சங்கம் என்று மூச்சுவிட மாட்டார். 2020-ல் கொரோனா வந்தபோது பல கல்லூரிகள் இந்தச் சந்திப்புகளை ஜூமுக்கே மாற்றிவிட்டன.

எனக்கு நெஞ்சு படபடப்பது இரவில்தான். மாணவி தன் விருப்ப வரிசையைத் தருகிறார். சங்கங்களும் தங்கள் வரிசையைத் தருகின்றன. இரண்டையும் பொருத்திப் பார்த்து, மறுநாள் யார் எந்த வீட்டுக்குப் போகலாம் என்று மென்பொருள் சொல்கிறது. இந்தப் பொருத்தத்தைப் பற்றி 1991-ல் சூசன் மாங்கெலும் ஆல்வின் ராத்தும் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். ஆமாம், 2012-ல் பொருளாதார நோபல் பெற்ற அதே ராத்! கடைசிச் சுற்றில் பலர் ஒரே ஒரு சங்கத்தை மட்டும் எழுதிக் கொடுப்பதை அவர்கள் கண்டார்கள். அந்த ஒன்றும் கைவிட்டால் கையில் எதுவும் மிஞ்சாது. என்ன துணிச்சல்!

ஆனால் மென்பொருளுக்குப் பட்டியல் எழுதித் தருவது மனிதர்கள்தானே. கறுப்பின மாணவி ஒருவரை வெள்ளையர் சங்கங்கள் ஒதுக்கியதையும், அதன் பின்னால் இருந்த பழைய மாணவியரின் அழுத்தத்தையும் 2013-ல் அம்பலப்படுத்தியது அலபாமா பல்கலைக்கழகத்தின் 'கிரிம்சன் ஒயிட்' மாணவர் பத்திரிகை. மாணவர்களே எழுதிய அந்தச் செய்தி நாட்டையே உலுக்கியது; சங்கங்களின் கதவும் திறக்கத் தொடங்கியது. இந்தக் கதையில் நான் எழுந்து நின்று கைதட்டும் இடம் அதுதான்.

நிறைவு நாளில் பிரையன்ட்-டென்னி மைதானத்தில் எல்லோர் கையிலும் ஓர் உறை. பிரிக்கலாம் என்று சொன்னதுதான் தாமதம், ஒரே கூச்சல்! அடுத்த நொடி, புதிய வீட்டை நோக்கி ஓட்டமோ ஓட்டம்!