படகு போன பிறகும் பாலம் உழைக்கிறது

சரக்குக் கொள்வனவுக்காகச் சீனா செல்லும் எமது வியாபாரிகளில் பலர் சந்தையையும் ஹோட்டல் அறையையும் மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். நானும் அப்படித்தான் இருந்தேன். கடந்த பயணத்தில் ஷங்ஹாயில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. பஸ்ஸில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து, ஜியாங்சு மாகாணத்திலுள்ள ஜோவ்ஜுவாங் என்ற பழைய நீர் நகருக்குச் சென்றேன். வியாபாரிக்கு அங்கே நல்ல பாடம் இருக்கிறது.

அந்த ஊரில் கால்வாய்தான் வீதி. ஒரு காலத்தில் சரக்கெல்லாம் படகில்தான் வந்தது. 1742இல் கட்டப்பட்ட ஷென் குடும்பத்தின் மாளிகையில் 100க்கும் அதிகமான அறைகள் உள்ளன. அதன் முன்பகுதியில் படகுத்துறை, உள்ளே விருந்தினர் மண்டபம், பின்னால் குடியிருப்பு. படகில் வரும் மூட்டையை வாசலிலேயே இறக்கிவிடலாம். ஏற்றி இறக்கும் கூலி எவ்வளவு மிச்சம் என்பதை நாம் அறிவோம்.

பாலங்களை ஏன் இவ்வளவு உயரமாக வளைத்துக் கட்டினார்கள் என்று முதலில் யோசித்தேன். தட்டையாகவும் தாழ்வாகவும் கட்டினால் படகு போகாது. வளைத்துக் கட்டியதால் கீழே சரக்கும் மேலே ஆட்களும் ஒரே நேரத்தில் போக முடிந்தது. இரண்டு போக்குவரத்தும் சந்திக்கும் இடம் பாலத்தடி. அங்கே கடை வைத்தவருக்கு வாடிக்கையாளரைத் தேடி அலையும் வேலையில்லை. 1355இல் அமைந்த பூஆன் பாலத்தின் நான்கு மூலைகளிலும் மாடிக் கட்டடங்கள் நிற்பதைப் பார்த்தால் இது விளங்கும்.

பின்னர் தரைவழிப் போக்குவரத்து வளர்ந்தது. சரக்குப் படகுகள் குறைந்தன. 1980களில் சுற்றுவட்டார ஊர்கள் பழைய வீடுகளை இடித்துத் தொழிற்சாலைகள் கட்டின. டோங்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவான் யீசான் இவ்வூரை இடிக்காமல் காக்கத் திட்டம் வகுத்தார். ஓவியர் சென் யீஃபெய் இங்குள்ள இரட்டைப் பாலத்தை வரைந்தார். ஒன்றின் வாய் வட்டம், மற்றதன் வாய் சதுரம். சேர்த்துப் பார்த்தால் பழைய காலத்துச் சாவி போலிருக்கும். 1984இல் அந்த ஓவியத்தை அமெரிக்கத் தொழிலதிபர் ஆர்மண்ட் ஹாமர் சீனத் தலைவர் டெங் சியாவோபிங்கிற்கு அன்பளிப்புச் செய்தார். ஊரின் பெயர் உலகெங்கும் பரவியது. இன்று உள்ளே செல்லவே நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும்.

ஆனால் அங்குள்ள கடைகளைப் பார்த்தபோது கவலையாக இருந்தது. அடுத்தடுத்த கடைகளில் ஒரே துணி, ஒரே விசிறி, ஒரே பன்றி இறைச்சி. (எம்மவர்கள் சாப்பாட்டைக் கையோடு கொண்டு செல்வது நல்லது.) சரக்கில் வித்தியாசமில்லாததால் விலையைக் குறைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. புறக்கோட்டையிலும் இதைத்தானே செய்கிறோம்? ஒரே தொழிற்சாலையின் சாமானைப் பத்துப் பேர் இறக்குமதி செய்து, பக்கத்துக் கடையை விட ஐந்து ரூபா குறைத்து விற்கிறோம். கடைசியில் எவருக்கும் இலாபமில்லை.

அந்த ஊரை வாழ வைப்பது வேறெங்கும் கிடைக்காத பாலம். அடுத்த முறை ஓடர் கொடுக்கும் முன், பக்கத்துக் கடையில் இல்லாத எதை நான் கொடுக்கிறேன் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வோம். நல்ல தரமோ, சொன்ன தவணையோ, நாணயமோ அது எதுவாகவும் இருக்கலாம். அல்லாஹ் எமது வியாபாரங்களில் பரகத் செய்வானாக.