வீட்டில் மீண்ட வாம்பனோவாக்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வாழும் பழங்குடியினரின் வாம்பனோவாக் மொழி, 19ஆம் நூற்றாண்டில் பேச்சு வழக்கிலிருந்து மறைந்தது. பேச ஆளில்லாவிட்டாலும் எழுத்து ஏராளமாக எஞ்சியது. ஜான் எலியட் என்ற பாதிரியார் மொழிபெயர்த்து 1663இல் அச்சான பைபிள் இந்த மொழியில்தான் வந்தது. அமெரிக்கக் கண்டத்தில் அச்சான முதல் முழு பைபிளும் அதுவே. அம்மக்களே எழுதிய நிலப் பத்திரங்களும் கடிதங்களும் கிடைத்தன. மதம் மாற்ற அச்சிட்ட நூல் பிற்காலத்தில் மொழியை மீட்கக் கைகொடுத்தது வரலாற்றின் வேடிக்கை.

வாம்பனோவாக் இனத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் 1993இல் மீட்புப் பணியைத் தொடங்கினார். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) கென் ஹேல் என்ற மொழியியலாளரிடம் பயின்றார். எழுத்து இருந்தும் உச்சரிப்பு தெரியவில்லை. இன்றும் பேசப்படும் அல்காங்கியன் குடும்பத்து மொழிகளோடு ஒப்பிட்டு ஒலிகளை ஊகித்தார்கள். அகராதியும் உருவாயிற்று.

இலக்கணம் எழுதுவதைவிடக் கடினமானது வீட்டுப் பேச்சு. பேர்ட் தம் மகளிடம் பிறந்தது முதல் வாம்பனோவாக்கிலேயே பேசினார். பல தலைமுறைகளுக்குப் பின் அதைத் தாய்மொழியாகப் பெற்ற முதல் குழந்தை அவள். 2010இல் பேர்டுக்கு மெக்ஆர்தர் அறக்கட்டளையின் நல்கை கிடைத்தது. பின்னர் அம்மொழியிலேயே கற்பிக்கும் மழலையர் பள்ளியும் திறக்கப்பட்டது.