தலைகீழாய் நின்ற புயல்

"சார், வங்கக்கடல் மட்டும் தெரியிற மாதிரி ஜூம் பண்ணிட்டேன். அப்பவும் லேப்டாப் திணறுது" என்றாள். ஆராய்ச்சிப் படிப்பில் முதல் வருடம். டீ ஆறிக்கொண்டிருந்தது. திரையில் பாராவியூ என்ற காட்சிப்படுத்தும் மென்பொருள், அதற்குள் 2018 நவம்பரின் கஜா புயல்.

ஜூம் பண்ணினால் உன் கண்தானம்மா கிட்டப் போகிறது, தரவு இருந்த இடத்திலேயே கிடக்கிறது என்றேன். அவள் இறக்கி வைத்திருந்தது ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈஆர்ஏ5 தரவுத்தொகுப்பு. கால் டிகிரிக்கு ஒரு புள்ளி: கிழக்கு மேற்காக 1440, வடக்கு தெற்காக 721, மேல்நோக்கி 37 அழுத்த மட்டங்கள். ஒரே ஒரு மணி நேரத்துக்கான வெப்பநிலை மட்டுமே 3 கோடியே 84 லட்சம் எண்கள். வங்கக்கடலுக்கு 75 முதல் 95 கிழக்கும், 5 முதல் 20 வடக்கும் தாராளம். 81, 61, 37 மூன்றையும் பெருக்கினால் 1 லட்சத்து 83 ஆயிரத்தைத் தொடாது. இருநூற்றுப் பத்தில் ஒரு பங்கு! பிரேசிலும் அண்டார்டிகாவும் திரைக்கு வெளியே உட்கார்ந்து மெமரியைத் தின்றுகொண்டிருந்தன.

வெட்டி எடுக்க ‘எக்ஸ்ட்ராக்ட் சப்செட்’ இருக்கிறது. அது டிகிரி கேட்காது. எத்தனையாவது புள்ளி என்று கேட்கும், அதையும் பூஜ்யத்திலிருந்து எண்ணச் சொல்லும். 75 கிழக்கு என்றால் 300, 95 என்றால் 380. அட்சரேகையில் சூட்சுமம்: இந்தக் கோப்பு வடதுருவத்தில் தொடங்கித் தெற்கே இறங்குகிறது. அதனால் 20 வடக்குதான் முன்னால் வரும், 280. 5 வடக்கு 340. அவளோ பூமத்திய ரேகையிலிருந்து எண்ணி 20, 80 என்று போட்டிருந்தாள். கிடைத்தது ஆர்க்டிக் கடல்.

திருத்தியதும் கணினி மூச்சு விட்டது. ஆனால் படம் முழுக்க ஒரே ஆரஞ்சு. நிறப்பட்டை இன்னும் துருவக் குளிரையும் சேர்த்தே அளந்துகொண்டிருந்தது. ‘ரீஸ்கேல்’ அழுத்தினால் சரியாகும். ஆனால் இரண்டு நாளை ஒப்பிடப் போகிறாய் என்றால் அதைத் தொடாதே, கீழெல்லையையும் மேலெல்லையையும் நீயே எழுதிவிடு என்றேன். ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக ரீஸ்கேல் செய்து, "இன்றைக்கு அதிகச் சிவப்பு" என்று கட்டுரை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்ததுதான் வேடிக்கை. பாராவியூ இத்தகைய கோப்பைத் திறக்கும்போது பூமி உருண்டைமேல் போர்த்திக் காட்டும். ‘ஸ்பெரிக்கல் கோஆர்டினேட்ஸ்’ என்ற டிக்கை எடுத்துவிட்டால் தட்டையாகும். அவள் எடுத்தாள். அகலம் 20, உயரம் 999 என்று ஒரு கம்பம் எழுந்து நின்றது. அகலத்துக்கு அலகு டிகிரி, உயரத்துக்கு ஹெக்டோபாஸ்கல்; மென்பொருளுக்கு இரண்டும் வெறும் எண்கள். போதாக்குறைக்கு, கடல்மட்டத்தின் 1000 உச்சியிலும் வான்வெளியின் 1 கீழேயும் இருந்தன. புயல் சிரசாசனம் செய்தது.

"அவ்வளவுதானே சார்" என்று மவுஸைப் பிடித்துப் பெட்டியைக் கவிழ்த்தாள். கடல் கீழே வந்துவிட்டது. மேலிருந்து பார்க்கச் சொன்னேன். புயல் வலஞ்சுழியாகச் சுற்றியது. பூமத்திய ரேகைக்கு வடக்கே எந்தப் புயலும் அப்படிச் சுற்றாது.

ஏன் என்று கேட்டாள். அவள் கிளாஸில் ஸ்பூனை விட்டு இடஞ்சுழியாகக் கலக்கினேன். தூக்கிப் பிடித்து அடிப்பக்கக் கண்ணாடி வழியாகப் பார் என்றேன். டீ மறுபக்கமாகச் சுற்றியது. கவிழ்த்தபோது நீ அடியிலிருந்து பார்க்கத் தொடங்கிவிட்டாய், அவ்வளவுதான். தரவே தலைகீழாக இருந்தால் காமிராவைத் திருப்பித் தீராது. அச்சையே புரட்ட வேண்டும். ‘டிரான்ஸ்ஃபார்ம்’ வடிகட்டியில் இசட் அளவுக்கு −0.01 போட்டோம். கழித்தல் குறி நிமிர்த்தியது, நூறில் ஒரு பங்கு கம்பத்தைப் பெட்டியாக்கியது.

அந்தப் பெட்டியும் உண்மை விகிதம் இல்லை. குறுக்கே ஏறத்தாழ 2200 கிலோமீட்டர். மழைமேகம் வாழும் காற்று 16, 17 கிலோமீட்டர்தான். உள்ளபடி வரைந்தால் அப்பளம் மாதிரி இருக்கும். உயரத்தை இழுத்து வரைந்ததைப் படத்தின் கீழே ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். பெட்டியின் கீழ்ப்பாதி முழுவதும் முதல் 6 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

காமிராவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளஸ் ஒய் என்ற பொத்தான் வடக்கிலிருந்து பார்ப்பதல்ல, வடக்கு நோக்கிப் பார்ப்பது. தெற்கே நிற்கிறாய், கிழக்கு வலக்கையில். அளவு ஒப்பிடும்போது ‘பேரலல் புரொஜெக்ஷன்’ போட்டுக்கொள். இல்லாவிட்டால் தூரத்தில் இருப்பது சிறுத்துத் தெரியும். எங்கேயோ தொலைந்துபோனால் ‘ரீசெட்’.

மைனஸ் இசட்டை அழுத்தினாள். இடஞ்சுழி. ஆனால் முகம் தெளியவில்லை. "16ஆம் தேதி ராத்திரி ஒரு மணி வாக்குல நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுலதானே சார் கரையைக் கடந்துச்சு? இங்க உள்நாட்டுக்குள்ள நிக்குதே."

எந்த மணி என்று பார்த்தேன்: 16, 01:00. தரவின் கடிகாரம் கிரீன்விச் நேரம். நமக்கு அது காலை ஆறரை. ஐந்து படி பின்னால் தள்ளினாள், 15ஆம் தேதி 20 மணிக்கு. சுழல் மெல்ல நகர்ந்து கரையோரத்துக்குத் திரும்பி வந்தது.