விடுதி அறையும் வேனில் இரவும்

வெளியூருக்குப் பயணஞ் செய்வோருக்கு இன்றியமையாது வேண்டப்படுவன இரண்டு. நல்லுணவு ஒன்று, நல்லுறக்கம் மற்றொன்று. ஒரு வேளை உணவு குறைந்தால் மறு வேளையில் அதனை ஈடுசெய்து கொள்ளலாம். ஓர் இரவின் உறக்கம் கெட்டாலோ, மறுநாட் கருமங்கள் யாவும் கெடுகின்றன. நேர்முகப் பரீட்சைக்காகத் தலைநகருக்கு வரும் இளைஞர், வைத்தியசாலையிலுள்ள உறவினரைப் பார்க்க வரும் முதியவர், திருக்கோணேசுவரத்துக்கோ கதிர்காமத்துக்கோ யாத்திரை செல்லும் குடும்பத்தினர் ஆகிய யாவரும் ஏதேனுமொரு விடுதியிலே இரவைக் கழிக்கின்றனர். சொந்த வீட்டிலே எந்த யன்னலைத் திறந்தாற் காற்று வரும், எந்தப் பக்கம் குளிர்ந்திருக்கும் என்பன பழக்கத்தால் தெரிந்தவை. விடுதி அறையிலோ அவ்வறிவு பயன்படுவதில்லை. நள்ளிரவில் எழுந்திருந்து மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பதே பலருக்குக் கதியாகிறது. ஆயினும், அறை ஏன் புழுங்குகிறது என்பதை ஓரளவு விளங்கிக்கொண்டவர், பெரும்பாலான அறைகளை உறங்கத்தக்கனவாக மாற்றிக்கொள்ளலாம்.

முதலில், உறக்கத்துக்கும் வெப்பத்துக்குமுள்ள தொடர்பை நோக்குதல் வேண்டும். மனித உடலின் உள்வெப்பநிலை ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ் ஆகும். அது நாள் முழுவதும் ஒரே நிலையில் நிற்பதில்லை. மாலையில் உயர்ந்து, உறங்கும் வேளை நெருங்க நெருங்கத் தாழத் தொடங்கி, விடியலுக்குச் சற்று முன்னர் மிகக் குறைந்த நிலையை அடைகிறது. இந்த இறக்கம் ஏறக்குறைய ஒரு பாகை அளவினதே. எனினும், அஃது நிகழாவிடின் ஆழ்ந்த உறக்கம் கைகூடுவதில்லை. உள்ளேயுள்ள வெப்பத்தை வெளியேற்றும் பொருட்டுக் கைகளிலும் பாதங்களிலுமுள்ள குருதிக் குழாய்கள் விரிவடைகின்றன. தூக்கம் வரும் வேளையிலே குழந்தையின் உள்ளங்கால் வெதுவெதுப்பாக இருப்பது இதனாலேயாகும். உறங்கும் மனிதர் ஒருவரின் உடலிலிருந்து 70 முதல் 80 உவாற்று வரையான வெப்பம் ஓயாது வெளியேறிக் கொண்டிருக்கிறது. இருவர் படுத்திருக்கும் சிறிய அறையொன்று, பழைய காலத்து மின்குமிழ்கள் இரண்டினை இரவு முழுவதும் எரியவிட்ட அறையை ஒத்தது எனலாம். அந்த வெப்பத்தைச் சூழல் ஏற்றுக்கொள்ளுமாயின் உறக்கம் வரும். ஏற்க மறுக்குமாயின் உடல் புரண்டு புரண்டு தவிக்கும்.

சூழல் ஏற்க மறுப்பதற்கு வெப்பநிலை மட்டுமே காரணமன்று. வளியிலுள்ள ஈரப்பதனும் பெருங்காரணமாகும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து கவர்ந்து செல்கிறது. உடலுக்கு இயற்கை அளித்த இச்சிறந்த குளிர்ச்சிமுறை, வியர்வை ஆவியானால் மட்டுமே பயன்தரும். வழிந்து தலையணையை நனைக்கும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. கொழும்பிலே இரவு வெப்பநிலை பெரும்பாலும் 24 முதல் 27 பாகை வரையிலேதான் இருக்கும். இவ்வளவு வெப்பம் வறண்ட பாலைநிலத்திலே இதமானதாகத் தோன்றும். கடற்கரை நகரிலோ வளி ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருத்தலால், அதே வெப்பம் புழுக்கமாகி வருத்துகிறது.

இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் தவறொன்றுண்டு. நனைத்த துணியை யன்னலிலே தொங்கவிட்டால் அறை குளிரும் என்பது பலருடைய நம்பிக்கை. வட இந்தியாவின் வறண்ட பகுதிகளிலே வெட்டிவேர்த் தட்டியை நீரால் நனைத்து வாயிலிலே கட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அங்கு அது மெய்யாகவே பயன்தருகிறது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் ஆனி, ஆடி மாதங்களிலே மலைநாட்டைக் கடந்து, ஈரத்தை இழந்து வரும் கச்சான் காற்று வெம்மையாக வீசும் நாட்களில், நனைத்த துணி ஓரளவு பயன்படும். ஆனால், கொழும்பிலோ காலியிலோ மூடிய அறையினுள்ளே ஈரத்துணியைத் தொங்கவிடுவது ஈரப்பதனை மேலும் கூட்டிப் புழுக்கத்தை வளர்ப்பதேயாகும். குளித்தபின் நனைந்த துவாயையும் தோய்த்த உடைகளையும் படுக்கையறையிலே உலரவிடுவதும் அத்தகையதே.

இனி, அறைக்கு வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்வோமாயின், இரவின் வெப்பம் பெரும்பாலும் பகலிலே சேர்ந்ததென்பது புலனாகும். இலங்கையிலே ஏப்பிரல் மாதத்தில் நண்பகற் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. அக்காலத்தில் சுவரைவிடக் கூரையே மிகுந்த வெயிலை ஏற்கிறது. ஓட்டுக்கூரை விரைவிலே சூடேறினும், பொழுது சாய்ந்ததும் விரைவிலே ஆறிவிடும். கொங்கிறீற்றுத் தட்டோ அவ்வாறன்று. அது பகல் முழுவதும் வெப்பத்தை உண்டு, பல மணி நேரஞ் சென்ற பின்னர், மக்கள் படுக்கைக்குச் செல்லும் வேளையிலே அதனைக் கீழ்நோக்கி உமிழத் தொடங்குகிறது. வளி குளிர்ந்திருந்தும் முகத்தில் அனலடிப்பது போன்ற உணர்ச்சி ஏற்படுவது இதனாலேயே. மேற்குப் பார்த்த சுவரும் மாலை வெயிலை ஏற்று, இரவு வெகுநேரம் வரை சுடுகிறது. ஆதலால் அறை எடுக்கும்போதே, உச்சிமாடிக்குக் கீழுள்ள மாடியிலே, மேற்குச் சுவர் இல்லாத அறையைக் கேட்டுப் பெறுவது அறிவுடைமை. பின்னர் எவ்வளவு முயன்றாலும் எளிதிலே பெறமுடியாத நன்மையை, வரவேற்பு மேசையிலே கேட்கும் ஒரு கேள்வி பெற்றுத்தரும். கிடைத்த அறையின் சுவரிலே மாலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், இரவு எப்படியிருக்கும் என்பது தெரிந்துவிடும். சூடான சுவரிலிருந்து கட்டிலைச் சற்று விலக்கிப் போடுவதும் பயன்தரும்.

பகலிலே வெளியே செல்லும்போது யன்னற் சீலைகளை இழுத்துவிட்டுச் செல்லுதல் வேண்டும். கண்ணாடி வழியாகப் புகும் வெயில், தரையையும் தளபாடங்களையும் சூடாக்கி அங்கேயே சிறைப்பட்டுவிடும். சீலையிலும் மேலானது, கண்ணாடிக்கு வெளியே நின்று வெயிலைத் தடுக்கும் நிழலாகும். தாழ்வாரம், மரக்கதவு, மூங்கிற் தட்டி, படர்கொடி ஆகியன இவ்வகையின. இக்காலத்து விடுதிகள் பலவற்றிலே, அறையின் அட்டையைச் சுவரிலுள்ள பெட்டியிலிருந்து எடுத்தவுடன் மின்சாரம் முழுவதும் நின்றுவிடுகிறது. அது சிக்கனத்துக்கு ஏற்றதே. ஆயின், வெயிலைத் தடுக்காது சென்றவர் மாலையில் திரும்பும்போது சூளைபோன்ற அறையே அவரை வரவேற்கும்.

பொழுது சாய்ந்த பின்னர் செய்யவேண்டியது இதற்கு மாறானது. வெளியே குளிர்ச்சி தோன்றியதும் யன்னல்களைத் திறந்து, பகலிலே தேங்கிய வெப்பவளியை வெளியேற்றுதல் வேண்டும். காற்று உள்ளே வர ஒரு வழியும் வெளியே செல்ல மற்றொரு வழியும் இருந்தாலன்றி அறையினூடாக அது நன்கு ஓடுவதில்லை. யன்னல் ஒன்றே உள்ள அறையிலே, மேசை விசிறியை யன்னலை நோக்கித் திருப்பிச் சிறிது நேரம் ஓடவிட்டால், உள்ளேயுள்ள வெப்பவளி வெளியே தள்ளப்படும். கதவின் மேலும் கீழுமுள்ள இடைவெளிகளால் புதிய வளி உட்புகும். கடற்கரை விடுதிகளிலே காற்றின் திசையையும் கருதவேண்டும். பருவக்காற்று ஓய்ந்த இடைக்காலத்தில், பகலிலே கடலிலிருந்து தரைக்கு வீசும் காற்று, இரவிலே தரையிலிருந்து கடலுக்கு மாறி வீசும். பகலிலே காற்றை அள்ளித்தந்த கடற்புற யன்னல், நள்ளிரவில் அசைவற்றிருப்பது இதனாலே. சோளகம் வீசும் மாதங்களிலோ மேற்கிலும் தென்மேற்கிலுமுள்ள யன்னல்கள் இரவிலும் பயன்படும்.

முன்னோர் இவற்றை நன்கறிந்து கட்டினர். அரச உத்தியோகத்தர் தங்குவதற்கென வெள்ளையர் ஆட்சிக்காலத்திலே பெருந்தெருக்கள் நெடுகிலும் அமைந்த வாடிவீடுகளில், உயர்ந்த முகடும் அகன்ற விறாந்தையும் காணப்பட்டன. வெப்பவளி மேலே எழுந்து முகட்டை அடைய, படுப்போர் குளிர்ந்த வளியிலே இருந்தனர். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றமும் வெப்பவளியை மேலே விடும் வாயிலேயாகும். 1994ஆம் ஆண்டில் தம்புள்ளைக்கு அருகே திறக்கப்பட்ட கண்டலம விடுதியை அமைத்த கட்டிடக்கலைஞர் ஜெப்ரி பாவா, நடைவழிகளைக் காற்றுக்குத் திறந்துவிட்டு, முகப்பு முழுவதையும் செடிகொடிகள் மூடி நிழல் செய்ய இடமளித்தார். அதன் அறைகளிலே குளிரூட்டிகள் உண்டு. எனினும், நிழலிலே நிற்கும் கட்டிடத்தில் இயந்திரத்தின் சுமை குறைவு.

மின்விசிறி வளியைக் குளிர்விப்பதன்று. அதன் இயக்கி சிறிதளவு வெப்பத்தை அறைக்குக் கூட்டவே செய்கிறது. எனினும், தோலைச் சூழ்ந்து நிற்கும் ஈரமான வெப்பவளியை அகற்றி, வியர்வை ஆவியாக உதவுவதால், இரண்டு மூன்று பாகை குறைந்தது போன்ற உணர்ச்சியைத் தருகிறது. ஆகவே ஆளில்லாத அறையிலே விசிறியைச் சுழலவிடுவது வீண். நுளம்பு வலை காற்றின் வேகத்தைக் குறைக்குமென்பது உண்மையே. அதற்காக வலையை நீக்குதல் தகாது. வலை கட்டிலைத் தொட்டுத் தொங்காமல் அகலமாக விரிந்திருப்பதும், விசிறி வலைக்கு அண்மையிலே பக்கவாட்டில் இருப்பதும் இக்குறையைப் பெருமளவு நீக்கும்.

குளிரூட்டியைப் பொறுத்தவரையில், அதன் வரலாறே ஓர் உண்மையை உணர்த்துகிறது. 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்லின் நகரிலுள்ள அச்சகமொன்றுக்காக வில்லிஸ் கரியர் என்னும் பொறியியலாளர் முதன்முதலாக அமைத்த பொறி, மனிதருக்கு இதமளிப்பதற்காக எழுந்ததன்று. ஈரத்தாற் கடதாசி விரிந்து சுருங்கி, வர்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது போனமையைத் தடுப்பதற்காகவே அஃது அமைந்தது. இன்றைய குளிரூட்டியும் வளியிலுள்ள ஈரத்தைக் குளிர்ந்த குழாய்களிலே நீராக்கி அகற்றுகிறது. வெளியே சொட்டும் நீர் அவ்வாறு நீக்கப்பட்ட ஈரமே. ஈரம் குறைந்தால் 25 அல்லது 26 பாகையிலும் விசிறியின் துணையோடு சுகமாக உறங்கலாம். அறை விரைவிலே குளிரும் என எண்ணி 18 பாகைக்குத் திருப்புவோர் பலர். சாதாரணப் பொறி அதனால் விரைந்து குளிர்விப்பதில்லை. நிற்க வேண்டிய நேரத்தில் நில்லாது ஓடுவதே மிச்சம். பின்னிரவில், உடலின் வெப்பம் தானாகவே தாழ்ந்திருக்கும் வேளையிலே, உறங்குபவர் நடுங்கி விழித்துப் போர்வையைத் தேடுகிறார். பெரும்பாலான குளிரூட்டிகள் அறைக்குள் இருக்கும் வளியையே திரும்பத் திரும்பச் சுழற்றுவன. ஆதலால், கதவுகளை அடைக்குமுன் அறையை நன்கு காற்றாட விடுதல் நலம். தூசி படிந்த வடிகட்டியுள்ள பொறி இரைச்சலிட்டும் குளிர்ச்சி தராதிருக்குமாயின், விடுதிப் பணியாளரிடம் சொல்லி அதனைக் கழுவுவித்தல் வேண்டும்.

உறங்குபவர் தம்மளவிலே செய்யக்கூடியனவும் சிலவுண்டு. படுக்கைக்குச் செல்வதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்னர் வெதுவெதுப்பான நீரிலே குளிப்பது, குளிர்நீரிலே குளிப்பதிலும் உறக்கத்துக்கு உதவும். வெந்நீரின் சூடு தோலுக்குக் குருதியை வரவழைக்க, உடலின் உள்வெப்பம் விரைவாக வெளியேறுகிறது. மெத்தையின்மேல் விரிக்கப்பட்டுள்ள பிளாத்திக்குக் காப்புறை வியர்வையைத் தேக்கிவைக்கும். அதன்மேற் பருத்தி விரிப்பு ஒன்றை இரட்டையாக மடித்து விரிப்பது இதம் தரும். சீமெந்துத் தரையிலே பாய் விரித்துப் படுப்பது இன்னுஞ் சிறந்தது. அறையின் மூலையிலுள்ள சிறிய குளிர்சாதனப் பெட்டியும் தன் முதுகுப்புறத்தால் வெப்பத்தை அறைக்குள்ளேயே விடுகிறது. தேவையற்றபோது அதனை நிறுத்திவிடலாம்.

இவை சுகத்தின் பொருட்டு மட்டும் கூறப்படுவனவல்ல. 2003ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திலே பிரான்சு தேசத்தைத் தாக்கிய வெப்பவலையினால் ஏறக்குறைய 15,000 மக்கள் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் முதியோர். பகலிலே வெயிலால் வருந்திய உடல், இரவிலும் ஆறுவதற்கு இடமின்றிப் போனமை அப்பேரிழப்புக்கு ஒரு பெருங்காரணமாகும். முதியோருக்கு வியர்வையும் தாகவுணர்ச்சியும் குறைவாதலால், அவர்கள் தமது துன்பத்தைச் சொல்லாமலே சோர்ந்துவிடுவர். முதியோருடன் பயணஞ் செய்வோர் குளிர்ந்த அறையை அவர்களுக்கு அளித்து, அருகே நீர் வைத்து, இரவிலே ஒருமுறை எழுந்து பார்த்தல் வேண்டும்.

விடுதி நடத்துவோரும் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. மின்சாரம் நின்ற வேளையில், திறக்கமுடியாத கண்ணாடி யன்னல்களைக் கொண்ட அறை எவருக்கும் உதவுவதில்லை. திறக்கக்கூடிய யன்னலும், கம்பிவலையும், கதவின்மேல் ஒரு காற்றுத்துவாரமும் உள்ள எளிய அறை அப்போதும் பயன்படும். அன்றியும், குளிரூட்டி வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலிருந்து எடுத்த வெப்பத்தோடு தனது வெப்பத்தையும் சேர்த்து வெளியே வீசுகிறது. விடுதியின் பின்புறத்திலே, அந்தப் பொறிகளின் அருகே, சமையலாளரும் பணியாளரும் படுத்துறங்கும் சிற்றறைகள் பல இடங்களில் உள்ளன. விருந்தினரின் குளிர்ச்சிக்கு அவர்களுடைய உறக்கம் விலையாகக் கூடாது. யன்னலுக்கு நிழலும், கூரைக்கு வெள்ளைப்பூச்சும், முற்றத்தில் ஒரு வேப்பமரமும் இருக்குமாயின், விருந்தினர் இயந்திரத்தைக் குறைவாகவே நாடுவர். உழைத்துக் களைத்தவரும் நிம்மதியாகக் கண்ணயர்வர்.