கரி எப்படிப் பச்சையானது?

சேந்தமங்கலத்திலிருந்து பார்த்தால் கொல்லிமலை நீலம். ஏறிப்போனால் கரும்பச்சைக் காடு. பாட்டியின் முன்கையில் பச்சை குத்திய கோலமும் கிட்டத்தட்ட இதே வித்தைதான்.

அந்நாளில் பச்சை குத்த எடுத்தது கரி. மஞ்சளும் அகத்தியிலையும் பொதிந்த துணித்திரியை எரித்து, சட்டியில் படிந்த புகைக்கரியைத் தாய்ப்பாலில் குழைத்தார்கள் என்கிறார் காலனிய கால இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன். ஊசி அதை மேல்தோலுக்கு அடியில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இறக்கும். சிவப்பொளி அதுவரை போய்க் கரியில் மாட்டிக்கொள்ளும். நீலம் வழியிலேயே சிதறித் திரும்பும்; அதனால்தான் கரி நீலப்பச்சையாய்த் தெரிகிறது.

மை ஏன் கரைவதில்லை? தோலின் காவல் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒன்று செத்தால் அடுத்தது விழுங்கும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளிடம் கண்டது இது.

வண்ணப் பச்சை குத்தப் பழகுவோருக்கு ஒரு சொல்: மைக்கு மேலே மெலனின் நிறமி இருப்பதால் மாநிறத் தோலில் வெளிர்நிறங்கள் மங்கும். கருமையை முதலில் குத்துங்கள், மஞ்சளைக் கடைசியில். மாற்றிச் செய்தால் மஞ்சள் அழுக்காகிவிடும்.