மேற்படிப்புக்கு டாக்டர்கள் தெரிந்தெடுக்கப்படுவது எப்படி?



"நம் சபை கடிதம் கொடுத்தும் அந்த டாக்டருக்கு ஏன் எம்.டி. இடம் கிடைக்கவில்லை?" என்று அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்துச் சபையார் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

முன்பு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தானே நுழைவுத்தேர்வு நடத்தியது. மிஷன் ஆஸ்பத்திரியில் செய்த பணியையும் கவனித்தார்கள். எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற சில நிறுவனங்கள் நீங்கலாக, 2017 முதல் எம்.டி., எம்.எஸ். படிப்புகளுக்கு நாடு முழுவதும் நீட் தேர்வு ஒன்றே. சிறுபான்மைக் கல்லூரிகளையும் அது கட்டுப்படுத்தும் என்று, வேலூர் கல்லூரியார் தொடுத்த வழக்கில் 2020 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தேர்வில் 200 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 குறையும். மொத்தம் 800. பொதுப் பிரிவினருக்கு 50 பெர்சன்டைல் வேண்டும் என்பது விதி. இதை ஐம்பது மதிப்பெண் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, எழுதியவர்களில் பாதிப்பேருக்குக் கீழே போகாமல் நிற்கவேண்டும் என்பதே பொருள். 2023-ல் இந்த வரம்பைப் பூஜ்யத்துக்கே இறக்கிவிட்டார்கள்! ஆகவே தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு. கவுன்சலிங்கில் வரிசையில் முந்தினவர் முதலில் எடுத்துக்கொள்வார். ரேடியாலஜி, தோல் மருத்துவம் போன்றவை சீக்கிரம் போய்விடும். உடற்கூறியல் காலியாய்க் கிடக்கும்.

சபைக் கடிதத்துக்கு மதிப்பில்லையா? உண்டு. வேலூரில் சபைகளும் மிஷன்களும் அனுப்புகிறவர்களுக்கென்று இடங்கள் உண்டு. படித்து முடித்து மிஷன் ஆஸ்பத்திரியில் பணி செய்ய அவர்கள் உடன்படுகிறார்கள். கடிதம் நம் டாக்டரைச் சிறிய வரிசையில் நிறுத்தும், அவ்வளவுதான். அந்த வரிசைக்குள்ளும் நீட் மதிப்பெண்தான் பேசும்.

பொதுத்தேர்வை நான் வெறுக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் என்பது நல்லதே. ஆனால் ஒரு வருஷம் சென்னையில் கோச்சிங் வகுப்பில் உட்கார்ந்து படித்தவரும், களக்காட்டுப் பக்கம் ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாய்ப் பிரசவம் பார்த்தவரும் அதே தாளைத்தான் எழுதுகிறார்கள். பார்த்த பிரசவங்களுக்கு அதில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. அரசுப் பணியிலுள்ள டாக்டர்களுக்கு மாநிலங்கள் தனி இடம் ஒதுக்கலாம் என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மிஷன் டாக்டர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

ஆகையால் நாம் அனுப்பும் டாக்டரைத் தேர்வுக்கு முந்தின மூன்று மாதம் ராத்திரி டியூட்டியிலிருந்து விடுவித்து, அந்த நாட்களுக்கு வேறொருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறோம். வருஷக் கணக்கில் "மாற்று டாக்டர் செலவு" என்று நீங்கள் காணும் வரி அதுவே.