கார் ஹீட்டரில் சூடு நிற்கவில்லையா? என்ஜின் தரும் முதல் எச்சரிக்கையாக இருக்கலாம்!

எலெக்ட்ரானிக் சிட்டி (பெங்களூரு): காரின் ஹீட்டர் சிறிது நேரம் சூடான காற்றைத் தந்துவிட்டுப் பின்னர் குளிர்ந்துபோவதைப் பலரும் சிறிய வசதிக் குறைபாடாகவே கருதுகின்றனர். ஆனால், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் குறைந்து வருவதற்கான முதல் அடையாளமாகவும் அது இருக்கக்கூடும். அதனைப் பொருட்படுத்தாமல் காரை ஓட்டினால், என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகி, பெரும் செலவில் பழுது நீக்க வேண்டிய நிலை உருவாகும்.

கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள பெங்களூருவில், டிசம்பர், ஜனவரி மாதங்களின் அதிகாலையில் மட்டுமே கார் ஹீட்டரின் தேவை உணரப்படுகிறது. இந்நகரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அது பதிவானது 1884ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில். ஆண்டின் பெரும்பகுதியில் ஹீட்டரை எவரும் இயக்குவதில்லை என்பதால், அதில் உள்ள கோளாறும் வெளியே தெரிவதில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் பணியாற்றுவோர் விடுமுறைக்கு உதகை, கொடைக்கானல் எனப் புறப்படும்போதுதான் பலருக்கும் அது தெரியவருகிறது.

ஹீட்டர் எவ்வாறு இயங்குகிறது?

பெட்ரோல், டீசல் கார்களின் ஹீட்டர் தனியாக வெப்பத்தை உற்பத்தி செய்வதில்லை. எரிபொருளில் இருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் கூலன்ட்டில் சேர்கிறது. அந்தச் சூடான திரவத்தின் ஒரு பகுதி, டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள 'ஹீட்டர் கோர்' எனப்படும் சிறிய ரேடியேட்டருக்குள் பாய்கிறது. அதன் மீது மின்விசிறி காற்றை வீசும்போது, அக்காற்று சூடாகி உள்ளே வருகிறது.

என்ஜினின் வெப்பநிலையைச் சீராக வைத்திருப்பது தெர்மோஸ்டாட் எனும் வால்வு. இதற்குள் இருக்கும் மெழுகு, பெரும்பாலான கார்களில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் உருகி விரிவடைந்து வால்வைத் திறக்கும். அதுவரை கூலன்ட் ரேடியேட்டருக்குச் செல்லாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றி வரும்.

ஆகவே, உள்ளே சூடான காற்று வர நான்கு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். கூலன்ட் போதிய அளவு இருக்க வேண்டும். அது சூடாக வேண்டும். தடையின்றி ஓட வேண்டும். காற்று ஹீட்டர் கோரின் வழியாகச் செல்ல வேண்டும். இந்நான்கில் எது தவறுகிறது என்பதைக் கண்டறிவதே பழுது நீக்கும் பணியின் பெரும்பகுதி.

நெரிசலில் குளிர்கிறதா, வேகத்தில் குளிர்கிறதா?

ஹீட்டர் எப்போது குளிர்கிறது என்பதைக் கவனித்தாலே கோளாறின் வகையை ஓரளவு ஊகிக்க முடியும். இதற்கு ஓசூர் சாலையே நல்ல சோதனைக் களம். சில்க் போர்டு பகுதியில் வாகனங்கள் நெரிசலில் நின்று நின்று நகர்கின்றன. 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, சுமார் 10 கிலோ மீட்டர் நீளமுள்ள எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் அவை நிற்காமல் ஓடுகின்றன.

நெரிசலில் நிற்கும்போது காற்று குளிர்ந்து, வேகமெடுத்ததும் மீண்டும் சூடானால், கூலன்ட் குறைந்திருக்கலாம். குழாய்களில் காற்று அடைத்திருக்கலாம் அல்லது வாட்டர் பம்ப் வலுவிழந்திருக்கலாம். பல கார்களில் ஹீட்டர் கோர், கூலன்ட் சுற்றுப்பாதையின் உயரமான இடத்தில் உள்ளது. திரவம் குறையும்போது முதலில் காற்று சேர்வது அங்குதான். என்ஜின் மெதுவாகச் சுழலும்போது பம்பின் அழுத்தம் அந்தக் காற்றைத் தள்ளப் போதாது.

இதற்கு மாறாக, மேம்பாலத்தில் ஓடும்போது காற்று குளிர்ந்து, வெப்பநிலை முள்ளும் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால், தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். எதிர்க்காற்று ரேடியேட்டரைத் தொடர்ந்து குளிர்விப்பதால், என்ஜின் உரிய வெப்பத்தை எட்டுவதே இல்லை.

எந்த வேகத்திலும் சூடு வரவில்லை என்றால், ஹீட்டர் கோருக்குச் செல்லும் இரு ரப்பர் குழாய்களையும் மெக்கானிக் சோதிப்பார். ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், கோரிலோ அதற்கான வால்விலோ அடைப்பு உள்ளது. இரண்டும் சூடாக இருந்தும் காற்று மட்டும் குளிர்ந்திருந்தால், சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் மடல், அதன் கேபிள் அல்லது சிறிய மோட்டார் பழுதாகியிருக்கும். இந்தக் கடைசி வகையால் என்ஜினுக்கு ஆபத்தில்லை.

தெர்மோஸ்டாட்டை நீக்குவது தீர்வாகாது

வெப்பம் மிகுந்த பகுதிகளில், என்ஜின் சூடாகிறது என்று புகார் வந்தால் தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அவ்வாறு கழற்றப்பட்ட பழைய காரை வாங்கியவர்களுக்கு, ஹீட்டர் ஏன் சூடாவதில்லை என்பது புரியாத புதிராகவே இருக்கும். உரிய வெப்பத்தை எட்டாத என்ஜின் கூடுதல் எரிபொருளைக் குடிக்கும். அதன் தேய்மானமும் புகையும் அதிகரிக்கும். என்ஜின் சூடாவதற்கான உண்மையான காரணமும் மறைந்தே இருக்கும்.

தண்ணீர் ஊற்றினால் போதுமா?

கூலன்ட் சுற்றுப்பாதை மூடப்பட்ட ஒன்று. நல்ல நிலையில் உள்ள காரில் அது அடிக்கடி குறையக் கூடாது. மாதந்தோறும் ஊற்ற வேண்டியிருந்தால், எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். ரப்பர் குழாய், ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி ஆகியவற்றில் கசிவு ஏற்படலாம்.

காருக்குள் இனிப்பு வாடை வீசுவது, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போலப் படிவது, முன்பக்கக் கால்மிதியில் பிசுபிசுப்பான ஈரம் ஆகியவை ஹீட்டர் கோர் கசிவதற்கான அடையாளங்கள். ஏசியில் இருந்து வடியும் நீரும் கால்மிதியை நனைக்கலாம். ஆனால் அதில் நிறமோ வாடையோ இருக்காது. வெளியே கசிவே தெரியாமல் கூலன்ட் குறைந்து, சைலன்சரில் வெண்புகை தொடர்ந்து வந்தால், ஹெட் கேஸ்கெட் பழுதாகி என்ஜினுக்குள் திரவம் எரிகிறதா என்பதைச் சோதிக்க வேண்டும்.

குறைந்த அளவை ஈடுசெய்ய ஆழ்துளைக் கிணற்று நீரையோ டேங்கர் நீரையோ ஊற்றுவது மற்றொரு தவறு. கடினத் தன்மையுள்ள நீரில் கரைந்திருக்கும் உப்புகள் ஹீட்டர் கோரின் குறுகிய குழாய்களில் படிந்து அடைத்துவிடும். கார் நிறுவனம் பரிந்துரைத்த கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீருடன் கலந்தோ, கலந்து விற்கப்படுவதை அப்படியேயோ பயன்படுத்த வேண்டும். வெவ்வேறு வகைக் கூலன்ட்டுகளை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்றே என எண்ண வேண்டாம்.

பழுது நீக்கும் வரிசை

எளியதில் தொடங்கிக் கடினமானதற்குச் செல்வதே செலவைக் குறைக்கும் வழி. முதலில், என்ஜின் முழுமையாகக் குளிர்ந்த பின் கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும். அடுத்து, அழுத்தச் சோதனை மூலம் கசிவைக் கண்டறிந்து சரிசெய்து, கூலன்ட்டை நிரப்பி, குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். கூலன்ட்டை மாற்றிய பிறகு ஹீட்டர் மக்கர் செய்தால், இந்தக் கடைசி வேலை சரியாக நடைபெறவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அதன்பிறகும் சூடு நிற்கவில்லை எனில் தெர்மோஸ்டாட், பின்னர் வாட்டர் பம்ப் ஆகியவற்றைச் சோதிக்கலாம். அடைபட்ட ஹீட்டர் கோரை நீரால் அலசிச் சுத்தம் செய்து பார்க்கலாம். கோரை மாற்றுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். பல கார்களில் அதற்காக டேஷ்போர்டையே கழற்ற நேரிடும் என்பதால், உதிரிபாகத்தைவிடக் கூலியே அதிகமாகும். அழுத்தச் சோதனையே செய்யாமல் கோரை மாற்றச் சொன்னால், அதற்கான காரணத்தைக் கேட்டறிவது வாடிக்கையாளரின் உரிமை.

மலைப்பாதையில் கூடுதல் கவனம்

உயரம் கூடக் கூட நீரின் கொதிநிலை குறைகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில், திறந்த பாத்திரத்தில் உள்ள நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இது என்ஜினின் வழக்கமான வெப்பநிலைக்கு மிக அருகில் உள்ளது. ரேடியேட்டர் மூடி தாங்கிப் பிடிக்கும் அழுத்தமும், கூலன்ட்டில் உள்ள கிளைக்காலும்தான் கொதிநிலையை உயர்த்துகின்றன. மூடி பழுதாகி, கூலன்ட்டுக்குப் பதில் வெறும் நீர் இருந்தால், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது என்ஜின் கொதிப்பது எளிது. மேலும், மூடுபனியில் முன்கண்ணாடியில் படியும் ஈரத்தை அகற்றவும் ஹீட்டரின் சூடான காற்று தேவை. எனவே, மலைப் பயணத்துக்குச் சில நாட்கள் முன்பே ஹீட்டரை 15 நிமிடங்கள் இயக்கிப் பார்ப்பது நல்லது.

மின்சாரக் கார்களில் நிலைமை வேறு. அவற்றில் என்ஜின் வெப்பம் இல்லாததால், மின்சார ஹீட்டரோ ஹீட் பம்போ பேட்டரியில் இருந்து ஆற்றலைப் பெறுகிறது. இவற்றில் உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடாமல், பயிற்சி பெற்ற பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

உடனே நிறுத்த வேண்டிய தருணம்

வெப்பநிலை முள் மேலே ஏறும்போது ஹீட்டரில் இருந்து குளிர்ந்த காற்று வந்தால், கூலன்ட் பெருமளவு வெளியேறியிருக்கலாம். இந்நிலையில் அடுத்த பட்டறை வரை ஓட்டலாம் என எண்ணாமல், பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். திரவம் இல்லாத இடத்தில் சென்சார் சரியான வெப்பத்தைக் காட்டாமல் போகலாம் என்பதால், முள் கீழே இறங்கினாலும் நம்பக் கூடாது.

என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், கொதிக்கும் திரவம் பீறிட்டு முகத்திலும் கைகளிலும் கடும் தீக்காயத்தை ஏற்படுத்தும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு. எனவே, சிந்தியதை உடனே துடைத்து, மீதமுள்ளதைக் குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.